கல்லில் இல்லாத பெயர்கள்

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டைப் பகுதிகளிலிருந்து பெருவழிச் சாலையில் பேருந்தேறி வரும் நம் மாணவர்கள் காரனோடையில் கொசஸ்தலையாற்றைக் கடக்கின்றனர். ஆண்டின் பெரும்பகுதியும் மணற்படுகையாகக் கிடக்கும் அவ்வாற்றைப் பாலத்தின் வழியே கடக்கப் பேருந்துக்குச் சில நொடிகளே போதும். 1780ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் அதே ஆற்றைக் கடக்க இயலாமல் ஒரு படை ஒரு வாரத்துக்கும் மேலாகக் கரையில் காத்துக் கிடந்தது. அக்காத்திருப்பு ஒரு பெரும்போரில் முடிந்தது. அப்போர் நிகழ்ந்த சிற்றூரில் இன்று இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அத்தூண்களில் யார் பெயர் உள்ளது, யார் பெயர் இல்லை என்பதைப் பற்றியதே இக்கட்டுரை. இதனைப் படிப்போர் தத்தம் ஊரில் உள்ள பழங்கல் ஒன்றின் அருகில் ஒருமுறையேனும் சென்று நிற்க வேண்டும் என்பதே நம் விழைவு.

ஆற்றங்கரையில் நின்ற படை

1780ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மைசூர் மன்னர் ஐதர் அலி பெரும்படையுடன் கணவாய்களைக் கடந்து ஆர்க்காட்டுச் சீமையில் இறங்கினார். சென்னையில் இருந்த ஆங்கிலக் கும்பினியார் அதனை எதிர்பார்த்து ஆயத்தமாக இருக்கவில்லை. அவர்களுடைய படையின் ஒரு பிரிவு கர்னல் வில்லியம் பெய்லியின் தலைமையில் வடக்கே குண்டூர்ப் பகுதியில் இருந்தது. தலைமைத் தளபதி சர் ஹெக்டர் மன்றோ தாம் காஞ்சிபுரத்துக்குச் செல்வதாகவும், பெய்லி அங்கே வந்து தம்முடன் சேரவேண்டும் எனவும் ஆணையிட்டார். (சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமீது சிலையாக வீற்றிருக்கும் தாமஸ் மன்றோ வேறொருவர், அவர் அவ்வாண்டுதான் இளம் படைஞராகச் சென்னைக்கு வந்து சேர்ந்திருந்தார்.)

பெய்லியின் படை ஆகஸ்டு இறுதியில் கும்மிடிப்பூண்டிப் பகுதியை அடைந்தது. கொசஸ்தலையாற்றில் வெள்ளம் பெருக்கெடுத்திருந்தது. முதல் நாளே கடந்திருந்தால் கடந்திருக்கலாம் என்று பிற்கால வரலாற்றாசிரியர் கூறுவர். படை வடகரையில் பாசறை அமைத்தது, வெள்ளம் வடியவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில்தான் ஆற்றைக் கடக்க முடிந்தது. அதற்குள் ஐதர் அலி தம் மகன் திப்புவை ஒரு படையுடன் பெய்லியை மறிக்க அனுப்பிவிட்டார். செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தில் இருவரும் மோதினர். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அதே பேரம்பாக்கந்தான். அவ்வூர்ச் சந்திப்பில் பேருந்துக்குக் காத்து நிற்கும் நம் மாணவருள் எத்தனை பேர் இதனை அறிவர்?

பேரம்பாக்கத்திலிருந்து காஞ்சிபுரம் தொலைவிலில்லை. ஆயினும் மன்றோ தம் முழுப்படையுடன் புறப்படாமல், கர்னல் பிளெட்சர் என்பாரின் தலைமையில் ஏறத்தாழ 1,000 பேரை மட்டும் உதவிக்கு அனுப்பினார். அவர்களையும் சேர்த்துப் பெய்லியின் படை சற்றேறக்குறைய 3,800 பேர் கொண்டதாயிற்று. இவர்களுள் ஐரோப்பியர் சில நூறு பேரே. ஏனையோர் அனைவரும் இம்மண்ணில் பிறந்த சிப்பாய்கள்.

புள்ளலூர்க் களம்

செப்டம்பர் 10ஆம் நாள் காலை அப்படை புள்ளலூரை நெருங்கியது. காஞ்சிபுரத்துக்கு வடக்கே உள்ள இச்சிற்றூர் போர்க்களமாவது அதுவே முதன்முறையன்று. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவரைப் புள்ளலூரில் வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. அப்பகைவர் சாளுக்கியரே என்பது அறிஞர் பலர் கருத்து. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதே மண்ணில் திப்புவின் படை ஒருபுறமும், விரைந்து வந்து சேர்ந்த ஐதர் அலியின் பெரும்படை மறுபுறமுமாகப் பெய்லியைச் சூழ்ந்தன. மைசூர்ப் படையின் பீரங்கிக் குண்டுகளும் இரும்புக்குழாய் வாணங்களும் பொழிந்தன. கும்பினியாரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பிளெட்சர் மாண்டார். பெய்லி சரணடைந்தார். ஐரோப்பியருள் ஏறத்தாழ 200 பேர் சிறைப்பட்டனர். செய்தி கேட்ட மன்றோ தம் பெரும்பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியே சென்னைக்குப் பின்வாங்கினார். இந்திய மண்ணில் அதுகாறும் ஆங்கிலேயர் கண்ட தோல்விகளுள் இதுவே பெரிது என்பர்.

அடுத்த ஆண்டு தலைமைத் தளபதி சர் அயர் கூட் படைநடத்தி வந்தார். திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர்க் கோட்டையை 1781 ஆகஸ்டில் கைப்பற்றி, அதே திங்கள் 27ஆம் நாள் அதே புள்ளலூரில் ஐதர் அலியைச் சந்தித்தார். வெற்றி தோல்வி தெளிவாகாத போராக அது முடிந்தது. கும்பினிப் படையில் மட்டும் மாண்டவரும் காயமுற்றவருமாக 400க்கு மேற்பட்டோர்.

வென்ற பக்கமும் தன் நினைவைப் பதிவு செய்தது. 1784இல் சீரங்கப்பட்டணத்தில் கட்டப்பெற்ற தரியா தௌலத் மாளிகையின் சுவரில் புள்ளலூர்ப் போர் பெரிய ஓவியமாகத் தீட்டப்பட்டது. பல்லக்கில் அமர்ந்த பெய்லியையும் சூழ்ந்து நிற்கும் மைசூர்க் குதிரைப்படையையும் இன்றும் அங்கே காணலாம். இப்போரைச் சித்திரிக்கும் பழைய ஓவியம் ஒன்று 2022இல் இலண்டனில் 6,30,000 பவுனுக்கு ஏலம் போயிற்று. 1782இல் சீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்த பெய்லிக்கும் பின்னாளில் அவருடைய உறவினர் அங்கேயே நினைவு மண்டபம் எழுப்பினார். ஓவியத்துக்கு விலை உண்டு. தளபதிக்கு மண்டபம் உண்டு. போர் நிகழ்ந்த ஊரில் என்ன உண்டு என்பதைக் காணவே நாம் சென்றோம்.

இரண்டு தூண்கள்

சில திங்களுக்கு முன் நம் துறை மாணவர் சிலருடன் ஒரு விடுமுறை நாளில் புள்ளலூர் சென்றோம். வயல்களும் ஏரிக்கரைப் பனைகளும் சூழ்ந்த அமைதியான ஊர். உச்சி கூம்பிய இரண்டு நினைவுத் தூண்கள் அங்கே நிற்கின்றன. லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன் ஒருவர். கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப் மற்றொருவர். இருவரும் 1781 ஆகஸ்டு 27ஆம் நாள் போரில் வீழ்ந்தவர்கள். திப்பு பெய்லியை வென்ற 1780ஆம் ஆண்டுப் போருக்கு உரியவை இக்கற்கள் எனப் பலர் எண்ணுகின்றனர், அவ்வாறன்று. கல்லின்மேல் உள்ள ஆண்டினைப் படித்தாலே ஐயம் தீரும். படிக்காமல் பேசுவது நம்மிடையே பெருகிவிட்ட வழக்கம் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

வயலிலிருந்து கரையேறி வந்த பெரியவர் ஒருவர் எம்மைப் பார்த்து, "துரைங்க சமாதிய பாக்க வந்தீங்களா?" என்றார். மாணவன் ஒருவன், "ஐயா, இங்க நம்ம ஆளுங்க யாரும் சாகலையா?" என்று எம்மிடம் கேட்டான். கேள்வி எமக்கு உரியது. விடை சொன்னவர் பெரியவர். "செத்தவன்லாம் நம்ம ஆளுங்கதான் தம்பி. பேருதான் இல்ல" என்றார் அவர்.

நாம் வகுப்பறையில் பல ஆண்டுகளாகப் புறத்திணை நடத்தி வருகிறோம். அப்பெரியவர் கூறிய அந்த ஒற்றைத் தொடரைவிடத் தெளிவாக நினைவுச்சின்னம் பற்றி நாம் எதனையும் கூறியதில்லை. இரு போர்களிலும் மடிந்தோர் ஆயிரக்கணக்கினர். கும்பினிப் படையில் நின்றவரும் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள். மைசூர்ப் படையில் நின்றவரும் கன்னடர், தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள். ஒரே மொழியில் தாயை அழைத்த இருவர் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் கொன்றிருப்பர் என்பதில் ஐயமில்லை. பொதிமாடு ஓட்டியவர், பீரங்கி இழுத்தவர், சுமை தூக்கியவர் எனப் படையின் பின்னே நடந்தோர் தொகை வேறு. இத்தனை பேருக்கும் சேர்த்து அங்கே நிற்பவை இரண்டு பெயர்கள்.

நாய்க்கும் பெயர் பொறித்த மரபு

போரில் இறந்தவனுக்குக் கல் நடுதல் வெள்ளையர் நமக்குக் கற்பித்த வழக்கமன்று. தொல்காப்பியம் அதனைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலையாக வகுத்துரைக்கிறது. கல்லைத் தேர்தல் தொடங்கி, நீராட்டி, நட்டு, பெயரும் பீடும் பொறித்து, படையலிட்டு வாழ்த்துதல்வரை முறை உண்டு. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் இந்நிலைகளின் பெயராலேயே காதைகளைப் பெற்றுள்ளது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டதும், இலக்கியம் கூறியது கற்பனையன்று என்பது உறுதியாயிற்று.

அந்நடுகற்களில் யார் பெயர் உள்ளது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. மன்னர் பெயர் ஆண்டைக் குறிக்கும் அளவில் மட்டுமே வரும். கல் எடுக்கப்படுவது ஆநிரை மீட்கச் சென்று மடிந்த ஊரானுக்கு. அவன் பெயர், அவனுடைய ஊர், எத்தொறு மீட்கச் சென்றான், யாரோடு பொருதான் என்பன பொறிக்கப்படும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. தொறு காத்து மடிந்த கருந்தேவக்கத்தி என்பானுக்கு எடுத்த கல் அது. அவனருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் எனவும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது எனவும் கல்லிலேயே எழுதப்பட்டுள்ளது. புள்ளலூரில் முதற்போர் நடந்ததும் அம்மகேந்திரவர்மன் காலத்திலேதான்.

நம் திருவள்ளூருக்கு அருகிலுள்ள தக்கோலத்துக்கு வருவோம். 949ஆம் ஆண்டில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமீதே வீழ்ந்துபட்ட களம் அது. அப்போர் பற்றிய சிறந்த சான்றுகளுள் ஒன்று கருநாடகத்து ஆதகூரில் கிடைத்த கல். அக்கல் எடுக்கப்பட்டது மன்னனுக்கன்று. காளி என்னும் பெயருடைய வேட்டை நாய்க்கு. தக்கோலப் போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பான், பரிசு யாது வேண்டும் என்று மன்னன் கேட்டபோது அந்நாயைக் கேட்டுப் பெற்றான். அது ஒரு காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் மடிந்தன. நாய்க்குக் கல் நட்டு, அதனை நாள்தோறும் வழிபட நிலமும் விடப்பட்டது. சோழப் பேரரசைக் குலைத்த பெரும்போரின் செய்தி ஒரு நாயின் நினைவுக்கல்லில் நமக்குக் கிடைக்கிறது.

நாய்க்கும் பெயர் பொறித்த மரபில் வந்த நாம், பெயரற்றுப் போன ஆயிரக்கணக்கான மனிதரை நினையாதிருத்தல் தகுமா? நம் கருத்தின் உயிர்நிலை இதுவே. நினைவுக்கல்லின் மதிப்பு அதன் உயரத்திலோ வேலைப்பாட்டிலோ இல்லை; அது யாரை மறக்கவில்லை என்பதில் உள்ளது.

எண்ணாகிப் போன வீரர்

புள்ளலூரில் தலைவர்க்குப் பெயர் உண்டு. பிறர்க்கு எதுவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் நிலை சற்றே மாறியது. ஆனால் பெரிதும் மாறவில்லை. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப்போரில் பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல்கடந்து சென்றனர். 70,000க்கு மேற்பட்டோர் உயிர்நீத்தனர். போர் முடிந்தபின் நாட்டின் பல ஊர்களில் சிறு கற்பலகைகள் பதிக்கப்பட்டன. தமிழகத்து ஊர்கள் சிலவற்றில் அவை இன்றும் பொதுக்கட்டடச் சுவர்களில் காணப்படுகின்றன. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் கொடுத்தனர் என்பதே அவற்றின் வாசகம். ஊருக்கு எண் மாறும், வாசகம் மாறாது, பெயர் இராது.

இக்குறை நம் ஊர்ப் பலகைகளோடு முடியவில்லை. ஈராக்கில் பாசுரா நகரில் 1929இல் திறக்கப்பட்ட பெரிய நினைவுச்சின்னத்தில் ஆங்கில வீரர் ஒவ்வொருவர் பெயரும் பொறிக்கப்பட்டது. இந்திய வீரருள் அதிகாரிகள் நீங்கலாக ஏனையோர் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். போர்க் கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் ஆணையம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் இதனை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலியோருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமநிலையின்றி நினைவுகூரப்பட்டனர் எனவும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் குறிக்கப்படாமலோ முற்றும் நினைவுகூரப்படாமலோ போயினர் எனவும் அவ்வறிக்கை கூறுகிறது. நூறு ஆண்டு கடந்தாயினும் தவறு தவறென ஒப்புக்கொள்ளப்பட்டது. அது நமக்கு ஒரு பாடம்: காலம் கடந்துவிட்டது என்பது வாளாவிருக்கக் காரணமாகாது.

இரு மறுப்புகள்

இக்கருத்தை நண்பர்களிடையே எடுத்துரைத்தபோது இரு மறுப்புகள் எழுந்தன. இரண்டும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

முதலாவது, "வெள்ளைக்காரன் கல்லை நாம் ஏன் காக்கவேண்டும்? அதை அகற்றிவிட்டுத் திப்புவுக்குத் தூண் நிறுத்தினால் என்ன?" என்பது. நாம் உடன்படவில்லை. அந்தத் தூண்கள் இல்லையெனின் புள்ளலூரில் போர் நடந்தது என்பதற்குக் கண்ணெதிரே காட்டக்கூடிய சான்று அவ்வூரில் எதுவும் இராது. பகைவன் நட்ட கல்லாயினும் அது நம் மண்ணின் ஆவணம். ஒன்றை அழித்து ஒன்றை எழுதுவது வரலாறாகாது. வேலூரைப் பாருங்கள். 1806 சூலை 10ஆம் நாள் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அப்போது மாண்ட ஆங்கிலேயரின் நினைவிடம் கோட்டைக்கு அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் பேணப்படுகிறது. சிப்பாய்களுக்குப் பின்னாளில் மக்கான் சந்திப்பில் நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. இரண்டும் நிற்கின்றன. காண்பவன் இரண்டையும் கண்டு முழுமை அடைகிறான். புள்ளலூருக்கு வேண்டுவதும் அதுவே.

இரண்டாவது மறுப்பு நம் சமுதாயத்துப் பெரியவர் ஒருவரிடமிருந்து வந்தது. "திப்பு சுல்தானின் பெருவெற்றி அது. அதைப் பெருமையாகச் சொல்லாமல் செத்தவர் கணக்கை ஏன் எடுக்கிறீர்?" என்றார். அவர்பால் எமக்குள்ள மதிப்புக் குறையாமலே விடை கூறினோம். முப்பது வயதுகூட நிரம்பாத இளைஞர் ஒருவர் அன்றைய வல்லரசின் படையைச் சரணடையச் செய்தது பெருமைக்குரியதே. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அதே ஆண்டில் ஐதர் அலியின் குதிரைப்படை சென்னையைச் சுற்றிய ஊர்களை எரித்து, விளைநிலங்களைப் பாழாக்கியது என்பதும் வரலாறே. பகைவனுக்கு உணவு கிட்டாதவாறு செய்தல் அன்றைய போர்முறை. விளைவை ஏற்றவர் உழவர். கொடிய பஞ்சம் வந்தது. ஊரிழந்து சென்னைக்கு ஓடிவந்தோர்க்கு 1782ஆம் ஆண்டளவில் கஞ்சி ஊற்றிய இடமே மணியக்காரர் சத்திரம். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னை மக்கள் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்து வந்தனர். எண்ணிப் பார்த்தால், அப்போரில் வாடிய ஏழை மக்களுக்கு இத்தமிழகத்தில் வாய்த்த நினைவுச்சின்னம் அப்பெயர் ஒன்றுதான்.

நம்மவர் வென்றார் என்பதற்காக நம்மூரார் பட்ட துயரத்தை மறைத்தல் நேர்மையன்று. சான்று பகர்வது நம்மவர்க்கு எதிராக அமையினும் நீதியில் வழுவாதிருக்குமாறு நமக்குப் பணிக்கப்பட்டுள்ளது. அப்பணிப்பு வழக்குமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. வரலாறு எழுதும் மேசைக்கும் உரியது. நாம் கூறியதைக் கேட்டு அப்பெரியவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அந்த உழவனுக்கும் சேர்த்துக் கல் வையுங்கள்" என்றார்.

செய்யத்தக்கன

ஆகவே, நாம் முன்வைக்கும் கருத்து இது: புள்ளலூரில் உள்ள இரு தூண்களும் சிறிதும் சிதைவுறாமல் காக்கப்பட வேண்டும். அவற்றின் அருகில் தமிழில் பொறித்த எளிய கல் ஒன்று நடப்பட வேண்டும். அதற்குரிய வாசகத்தையும் நாமே எழுதிப் பார்த்தோம்: '1780 செப்டம்பர் 10, 1781 ஆகஸ்டு 27 ஆகிய நாள்களில் இம்மண்ணில் இரு படைகளிலும் நின்று மடிந்த பெயர் தெரியாச் சிப்பாய்கள், பீரங்கி இழுத்தோர், பொதிமாடு ஓட்டியோர், சுமை சுமந்தோர், ஊரிழந்து பசியால் மாண்ட சுற்றூர் உழவர் ஆகிய அனைவர் நினைவாக.' இதனினும் சிறந்த வாசகத்தை மாணவர் எவரேனும் எழுதின் மகிழ்வோடு ஏற்போம்.

பேரம்பாக்கத்திலும், கொசஸ்தலையாற்றங்கரையிலும், திருப்பாச்சூரிலும் அவ்விடத்து வரலாற்றைக் கூறும் பலகைகள் வைத்தல் நன்று. கல்வெட்டுத் தாளும் கருங்கல்லும் வேண்டுவதில்லை. ஊராட்சியும் பள்ளியும் மனம் வைத்தால் போதும்.

இவையெல்லாம் பிறர் செய்ய வேண்டுவன. நம் மாணவர் செய்ய வேண்டுவது வேறொன்று உண்டு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையும் அதனைச் சுற்றிய ஊர்களும் விரைந்து மாறி வருகின்றன. ஆலைக்கென நிலம் திருத்தப்படும்போது மேடும் பள்ளமும் ஒன்றாகின்றன. சாலை அகலமாகும்போது ஓரத்துக் கல் பெயர்க்கப்படுகிறது. வேலைவாய்ப்பு வேண்டாம் என்பார் எவருமில்லை. நம் மாணவர் குடும்பங்கள் பல அவ்வாலைகளால் வாழ்கின்றன. ஆனால் பெயர்க்கப்பட்ட கல் எங்கே போயிற்று என்று கேட்கவும் ஒருவர் வேண்டும். வட தமிழகத்தில் வேடியப்பன் என்று வணங்கப்படும் தெய்வங்கள் பல, உண்மையில் நடுகற்களே. அவற்றை மக்கள் வணங்கியதனாலேயே அவை எஞ்சின. வணங்குவாரும் அறிவாரும் அற்ற கல் துணி துவைக்கும் கல்லாகிறது, வாய்க்காலுக்குப் பாலமாகிறது.

உம் ஊர்க் கோடியில், ஏரிக்கரையில், பள்ளிச் சுவரில், பழைய கல்லறைத் தோட்டத்தில், கபர்ஸ்தானில் எழுத்துடைய கல் இருப்பின் செய்ய வேண்டியவை சிலவே. கல்லைச் சுரண்டாதீர், சுண்ணாம்போ வண்ணமோ பூசாதீர். மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் அகற்றுக. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது ஒளிப்படம் எடுப்பின் உச்சிவெயிலில் தெரியாத எழுத்தும் தெரியும். கல்லின் நீள அகலத்தையும், அது எத்திசை நோக்கி நிற்கிறது என்பதையும், அருகிலுள்ள அடையாளத்தையும் குறித்துக்கொள்க. பின்னர்க் கிராம நிருவாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க. நம் மாவட்டத்துப் பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் உள்ளது. அங்கும் செய்தி கூறலாம். மைப்படி எடுத்தலைப் பயிற்சி உடையோர் உடனிருக்கும்போதே செய்க. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கும்பினிக் காலத்து ஆவணங்கள் ஏராளம் உள. முதுகலை மாணவர் ஒருவர் அவற்றுள் தேடத் தொடங்கினால், புள்ளலூரில் மாண்ட சிப்பாய் ஒருவனது பெயரேனும் என்றேனும் கிட்டாதா என்ற அவா எமக்கு உண்டு.

இன்னொன்றும் கூறவேண்டும். நம் கபர்ஸ்தான்களில் உள்ள மீசான் கற்கள் பலவற்றில் எழுத்து இராது. எம் பாட்டனாரின் தலைமாட்டுக் கல்லும் எழுத்தற்றதே. இன்னார் அடங்கிய இடம் இது என்று எம் தந்தையார் கைகாட்டியதால் நாம் அறிவோம். நாம் காட்டினால் எம் மக்கள் அறிவர். எழுத்தில்லாக் கல்லுக்குக் காட்டுபவரின் நாவே எழுத்து. அந்நா ஓய்ந்துவிடின் கல் வெறுங்கல். ஆதலின் ஊர்ப் பெரியோர் கூறுவதை அவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதி வைத்தல் கல்லைக் காத்தலினும் முந்திய கடமையாகும். புள்ளலூர் வரப்பில் நின்ற அப்பெரியவரின் ஒரு தொடர் இன்றி இக்கட்டுரையே இல்லை.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களுள் பலர் இத்தொழிற்பேட்டைகளில் பணியில் அமர்வீர்கள். அங்கே வாயிலில் உம்மை ஓர் அட்டை எண்ணால் அறிவர். உம் அருகில் நின்று உழைப்பவன் வடநாட்டிலிருந்து வந்த இளைஞனாக இருப்பான். அவனும் ஓர் எண்ணே. அவன் பெயரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். மனிதனை எண்ணாக விட்டுவிடலாகாது என்பதே புள்ளலூர்க் கற்கள் நமக்கு உணர்த்துவது. அடுத்த முறை காரனோடைப் பாலத்தில் பேருந்து ஏறும்போது சன்னலுக்கு வெளியே ஒரு கணம் நோக்குங்கள். வெள்ளம் வடியட்டும் என்று அக்கரையில் காத்திருந்த சிப்பாய்க்கும் ஓர் ஊர் இருந்தது. அவ்வூரில் அவனைப் பெயர் சொல்லி அழைத்தவர் இருந்தனர்.